நிலப்பத்திரமும் மண்பாண்டமும்

கேள்வி: 9 ஆண்டுகளாகக் குழந்தைக்காக ஜெபிக்கிறேன். வாக்குத்தத்தத்தைச் சந்தேகிப்பது அவிசுவாசமா? – ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரி, வேதாகமத்தில் எரேமியா 32-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருக்க, தாமும் காவற்சாலை முற்றத்தில் அடைபட்டிருந்த தீர்க்கதரிசி எரேமியா, கர்த்தர் சொன்ன ஒரே காரணத்துக்காக ஆனதோத் என்னும் ஊரிலிருந்த நிலத்தை 17 சேக்கல் (அக்கால எடை அளவு) வெள்ளிக்கு வாங்கி, சாட்சிகளுக்கு முன் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்து, பத்திரம் நெடுநாள் கெடாமலிருக்க அதை மண்பாண்டத்தில் வைக்கச் செய்தார். எதிரியின் கைக்குப் போகவிருந்த நிலம் அது! எனக்கு மிகுந்த ஆறுதல் தருவது அதன்பின் அவர் செய்த ஜெபமே. பட்டணம் விழப்போகும் வேளையில் நிலம் வாங்கச் சொன்னீரே என்று அவர் தம் கலக்கத்தை மறைக்காமல் சொன்னார். கர்த்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, தம்மால் கூடாத காரியம் உண்டோ என்றே கேட்டார். ஆகவே உங்கள் கேள்வியைக் கண்ணீரோடு அவரிடமே கொண்டுபோங்கள். எரேமியா கலங்கியது கீழ்ப்படிந்த பிறகுதான் என்பதையும் கவனியுங்கள்.