கையேட்டில் இல்லாத பக்கம்

கேள்வி: என் மகள் சமூகப்பணி முதுகலை படிக்க ஆசைப்படுகிறாள். ஒரு பல்கலைக்கழகத்தின் விளக்கக் கையேடு கைக்கு வந்திருக்கிறது. ‘சமூகப்பணித் துறையின் வலிமைகளும் சாதனைகளும்’ என்று நான்கு பக்கம். கருத்தரங்குகள், விருதுகள், புரிந்துணர்வு ஒப்பந்தங்கள், புதிய கட்டடம். எதைப் பார்த்துச் சேர்ப்பது?

பதில்: சமூகப்பணி மாணவர்களின் களப்பணிக்கு மேற்பார்வையாளராக முப்பது ஆண்டுகள் இருந்தவள் நான். அப்படிப்பட்ட நான்கு பக்கங்களை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன், ஒப்பந்தங்களைத் தாண்டிப் போய்விடுங்கள். பலவற்றில், கையெழுத்திட்ட அன்று எடுத்த படத்தோடு கதை முடிந்துவிடும்.

நேரில் போய் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். ஒரு மேற்பார்வையாளருக்கு எத்தனை மாணவர்கள்? வாரம் ஒரு முறையாவது ஒவ்வொருவரோடும் தனியாக உட்கார்ந்து பேசுகிறாரா? மாணவர்கள் எழுதும் களப்பணிக் குறிப்பேட்டை யாராவது படிக்கிறார்களா, வெறும் கையெழுத்துத்தானா?

ஏன் குறிப்பேடு என்கிறீர்களா? மருத்துவமனைக்கு அனுப்பியிருந்த முதலாண்டு மாணவன் ஒருவன், ‘நோயாளிக்கு ஆலோசனை வழங்கினேன்’ என்று ஒரே வரி எழுதி வந்தான். ‘நீ எங்கே உட்கார்ந்திருந்தாய்?’ என்று சிவப்பு மையில் எழுதினேன். “உட்காரவில்லை மேடம், நின்றுகொண்டுதான் பேசினேன்” என்றான். படுத்திருப்பவர் அண்ணாந்து பார்த்தபடி எத்தனை நேரம் பேசுவார் என்று கேட்டேன். பதில் இல்லை. அடுத்த வாரம் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அந்த மனிதர் நோயைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. தான் அங்கே கிடப்பது மகனுக்குத் தெரியுமா என்று கேட்டிருக்கிறார். அன்றைய குறிப்பு மூன்று பக்கம் வந்தது. எந்தக் கையேட்டிலும் இதை எழுத இடமில்லை.

சாதனைக்கு என் கணக்கு வேறு. அந்தத் துறை தொடங்கிய ஏதாவது ஒன்று, அதன் வாசலைத் தாண்டிப்போய்த் தனியாக வாழ்கிறதா என்று பார்ப்பேன். 1936இல் மும்பையில் சர் தொராப்ஜி டாடா பெயரில் தொடங்கிய சமூகப்பணிப் பள்ளிதான் பிற்காலத்தில் டாடா சமூக அறிவியல் நிறுவனம் ஆயிற்று. அங்கே ‘களச் செயல் திட்டம்’ என்று ஒரு வழக்கம் உண்டு. தேவையைக் கண்ட இடத்தில் ஆசிரியர்களே சிறிய அளவில் ஒரு பணியைத் தொடங்கி நடத்திப் பார்ப்பார்கள். வன்முறைக்கு ஆளான பெண்கள் புகார் கொடுக்க வரும் இடத்திலேயே சமூகப்பணியாளர் இருக்க வேண்டும் என்று 1984இல் மும்பைக் காவல்துறைக்குள் ஒரு தனிப்பிரிவைத் தொடங்கினார்கள். பிறகு அதை மாநில அரசு ஏற்றுக்கொண்டது. 1996இல் தெருவோரக் குழந்தைகளுக்காகத் தொடங்கிய தொலைபேசி உதவிச் சேவையின் எண் 1098. இன்று அந்த எண்ணை அறிந்தவர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு சமூகப்பணித் துறையில் பிறந்தது என்று தெரியும்? தெரியாமல் போனதைத்தான் நான் பெரிய சாதனை என்பேன்.

கேள்வி: சேவை செய்ய நல்ல மனம் போதாதா? அதற்கு ஒரு பட்டமா?

பதில்: நூறு ஆண்டுக்கு முந்தைய கேள்வி இது. நியூயார்க்கில் 1898இல் தொண்டு நிறுவனப் பணியாளர்களுக்கு ஆறு வாரக் கோடை வகுப்பு ஒன்று நடந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் இன்றைய சமூகப்பணிப் பள்ளி அதிலிருந்து வளர்ந்ததுதான். நல்ல மனத்தோடு ஏழை வீடுகளுக்குப் போனவர்களுக்கு, அங்கே எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்று தெரியாததால் வந்த வகுப்பு. மருத்துவக் கல்வியை அலசிப் பெயர் பெற்ற ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர், சமூகப்பணி இன்னும் மருத்துவத்தைப் போல ஒரு முழுத் தொழில்முறை ஆகவில்லை என்று 1915இல் மேடையிலேயே சொன்னார். இந்தத் துறைக்காரர்களுக்கு அது இன்றும் உறுத்தும். 1920இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குள் இணைந்த சமூகப்பணிப் பள்ளியோ, சட்டமும் புள்ளியியலும் நிர்வாகமும் படித்தே ஆக வேண்டும் என்றது. 1924இல் அதன் தலைவரான எடித் அபட் அதில் பிடிவாதமாகவே இருந்தார்.

அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும். ஓய்வூதிய விண்ணப்பம் எந்த விதியின் கீழ் தள்ளுபடி ஆனது என்று பார்க்கத் தெரியாத நல்ல மனம், கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே அழும். கிழவிக்குப் பணம் வராது.

கேள்வி: படித்தால் வேலை கிடைக்குமா?

பதில்: மருத்துவமனை, பள்ளி, சிறை, குழந்தைகள் இல்லம், தொண்டு நிறுவனம், தொழிற்சாலையின் தொழிலாளர் நலப்பிரிவு என்று இடங்கள் உண்டு. தொடக்கச் சம்பளத்தைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். வேலைவாய்ப்புப் பட்டியலைக் காட்டினால், மூன்றாம் ஆண்டிலும் அதே துறையில் நீடிப்பவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். நான் பணியாற்றிய இடத்தில் அந்தக் கணக்கை நாங்கள் வைத்திருக்கவே இல்லை.