சென்சாரும் இழுத்து நடக்கும் காலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வர்த் பகுதியில் வளர்ந்தவள் நான். டர்பனிலேயே இயன்முறை மருத்துவராக இருக்கிறேன். பக்கவாதம் வந்தவர்களின் நடையை உடலில் கட்டும் சென்சார்களைக் கொண்டு அளக்கும் ஆய்வில் இந்த ஆண்டு சேர்ந்தேன். இரண்டு தொல்லைகள். ஆள் அசையாமல் நிற்கும்போதே முழங்கால் கோணம் மெல்ல ஏறி, மூன்று நிமிடத்தில் 18 டிகிரியைத் தொட்டுவிடுகிறது. மணிக்கட்டில் கட்டும் அடி எண்ணும் பட்டையோ, என் கண்முன் ஐம்பது அடி நடந்தவருக்கு ஏழு, எட்டு என்று காட்டுகிறது. கருவி மலிவானது என்பதால்தானா? வேறு வாங்கச் சொல்லலாமா?

ஒரு வாசகி, டர்பன்

அன்புள்ள சகோதரி,

வேறு வாங்க வேண்டாம். இந்தக் கருவியே போதும்.

முதலில் கோணம். சென்சாருக்குள் இருக்கும் ஜைரோ அளப்பது சுழலும் வேகத்தை. அதை நொடிக்கு நொடி கூட்டித்தான் கோணம் வருகிறது. அசையாமல் இருக்கும்போது அது சுழியைக் காட்ட வேண்டும், காட்டாது. தொடை சென்சாருக்கும் கணைக்கால் சென்சாருக்கும் இடையே நொடிக்கு 0.1 டிகிரி பிழை இருந்தால் நிமிடத்துக்கு 6 டிகிரி, மூன்று நிமிடத்துக்கு 18. உங்கள் எண் அப்படியே வந்து நிற்கிறது பாருங்கள்! இந்தப் பிழை வெப்பத்தோடு மாறும். ஏசி அறையில் இருந்த சென்சாரை பிப்ரவரி மாத டர்பன் வெக்கையில் எடுத்துக் கட்டினால் சுழி இடம் மாறத்தான் செய்யும். அளக்கும் இடத்திலேயே பதினைந்து நிமிடம் முன்னதாக இயக்கி வையுங்கள். பிறகு ஒரு நிமிடம் மேசையில் அசைக்காமல் கிடத்தி, மூன்று அச்சுகளுக்கும் தனித்தனியே சராசரி எடுத்து, அளவுகளிலிருந்து கழியுங்கள். அளந்து முடித்ததும் மறுபடி ஒரு நிமிடம் கிடத்துங்கள். முன்னும் பின்னும் வந்த சராசரிகள் பெரிதாக வேறுபட்டால் அந்தப் பதிவை நம்பாதீர்கள்.

சாய்வில் வரும் பிழையை, சென்சாரில் முடுக்கத்தை அளக்கும் முடுக்கமானி திருத்திவிடும், புவியீர்ப்பு எப்போதும் கீழ்நோக்கியே இருப்பதால். சென்சார் எந்தத் திசை பார்க்கிறது என்பதை அது சொல்லாது. அதற்குப் புவியின் காந்தப்புலத்தை அளக்கும் காந்தமானி இருக்கிறது என்பார்கள். மருத்துவமனைக் கட்டடத்தில் தரைக்குள் இரும்புக் கம்பி, பக்கத்தில் சக்கர நாற்காலி, பிடித்து நடக்கும் இரும்புக் கம்பங்கள், டிரெட்மில் மோட்டார். இவை காந்தப்புலத்தைக் குலைப்பதால் அங்கே காந்தமானியை அணைத்துவிடுவதே மேல். பதிலுக்கு, அளக்கும் முன் நோயாளியை உட்காரவைத்து முழங்காலைப் பத்து முறை மடக்கி நீட்டச் சொல்லுங்கள். தானாக முடியாவிட்டால் நீங்கள் பிடித்து ஆட்டுங்கள். அப்போது ஜைரோ காட்டும் திசைதான் அவருடைய மூட்டின் அச்சு. சென்சாரைச் சற்றுக் கோணலாகக் கட்டியிருந்தாலும் கணக்கு அதை வைத்துச் சரியாகிவிடும்.

கட்டும் முறைக்கு வருகிறேன். ஆய்வுகள் அதிகம் கெடுவது இங்கேதான். கணைக்காலில், முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் துருத்தும் எலும்பு முண்டிலிருந்து நான்கு விரல் இறங்கி, உட்பக்கமாகத் தட்டையான எலும்புப் பரப்பு கைக்குத் தட்டுப்படும். அதன்மேல் கட்டுங்கள். கெண்டைச் சதைமேல் கட்டினால் ஒவ்வோர் அடிக்கும் சதை குலுங்குவதையும் சேர்த்து அளப்பீர்கள். தொடையில் அப்படி ஓர் எலும்புப் பரப்பு கிடையாது. வெளிப்பக்கம், முழங்காலுக்கு நான்கு விரல் மேலே, சதை குறைவான இடம்தான் இருப்பதில் நல்லது. பட்டைக்கு அடியில் பருத்திக் குழாய்த்துணி ஒன்றைச் செருகுங்கள், வியர்வை வழுக்காது. கட்டியதும் சென்சாரின் நான்கு மூலையையும் தோலில் பேனாவால் குறியுங்கள். நடந்து முடித்தபின் சென்சார் குறியைவிட்டு அரை விரல் இறங்கியிருந்தால் அந்தப் பதிவின் கோணங்களைத் தள்ளிவிட வேண்டியதுதான். நம் வீடுகளில் பெரியவர்கள் பலருக்குச் சர்க்கரை நோய் உண்டு. கால் மரத்துப்போனவருக்கு இறுக்கம் தெரியாது, "வலிக்கிறதா தாத்தா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அவிழ்த்துத் தோலைப் பாருங்கள்.

இடது, வலது மாறிப்போவதும் அடிக்கடி நடக்கும். வலதுக்குச் சிவப்பு நாடா என்று முடிவுசெய்து, கட்டியதும் ஒரு படம் எடுத்துவையுங்கள். எல்லாச் சென்சார்களையும் ஒரே கட்டாகக் கட்டி, தொடக்கத்திலும் முடிவிலும் மேசைமேல் மூன்று முறை தட்டுங்கள். உள்ளே இருக்கும் கடிகாரம் பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகினாலே ஒரு மணி நேரத்தில் 72 மில்லிநொடி விலகும். நொடிக்கு 100 முறை பதியும் கருவியில் அது ஏழு பதிவு. அந்தத் தட்டல்களை வைத்துக் காலத்தை நேர்செய்யலாம்.

சென்சார் அளக்கக்கூடிய எல்லையையும் பாருங்கள். எம்பியூ-6050 போன்ற மலிவுச் சிப்புகள் இயக்கியதும் சுழற்சிக்கு நொடிக்கு ±250 டிகிரி, முடுக்கத்துக்கு ±2 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தின் இரு மடங்கு) என்ற அளவில் நிற்கும். வேகமாக நடக்கையில் நல்ல காலின் கணைக்கால் அதைத் தாண்டிச் சுழலும், அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்படும். ±1000, ±8 என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி அடி எண்ணிக்கை. மணிக்கட்டுப் பட்டை எண்ணுவது கையின் வீச்சை. பக்கவாதம் வந்தவரின் ஒரு கை மார்போடு மடங்கியிருக்கும், மறு கை கோலைப் பிடித்திருக்கும். அதற்கு எண்ண என்ன இருக்கிறது? பட்டையை நல்ல காலின் கணுக்காலுக்கு மாற்றுங்கள். அதற்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. நலமாக நடப்பவரின் கணைக்கால் ஜைரோ அலையில் கால் வீசும்போது ஒரு பெரிய மேடும், அதன் இருபுறமும் இரண்டு பள்ளங்களும் தெரியும். பாதம் தரையை விடுவது முன்பள்ளம், குதிகால் பதிவது பின்பள்ளம். இழுத்து நடக்கும் காலில் பெரும்பாலும் குதிகால் முதலில் பதிவதில்லை. கால் அரைவட்டமாகச் சுற்றி வருவதால் மேடும் தாழ்ந்து போகும். நலமானவர்களை வைத்து எழுதிய நிரல் அங்கே "அடி இல்லை" என்று சொல்லிவிடும். அந்த அடியை எடுத்துவைக்க அவர் பட்ட பாடு கணக்கிலேயே வராமல் போவது எவ்வளவு பெரிய அநியாயம்! ஒரே அச்சை நம்பாமல் மூன்று அச்சின் மொத்த அளவை எடுங்கள். அடி என்று எண்ணும் வரம்பை அவரவர் மேடுகளின் நடுமதிப்பில் பாதி என்று வையுங்கள். தொலைபேசியைக் கணுக்கால் உயரத்தில் நிறுத்தி முதல் இரண்டு நிமிடத்தைப் படமெடுத்து, கையால் எண்ணி ஒப்பிடுங்கள்.

கைக்குச் சென்சார் வைப்பதானால் இரண்டு மணிக்கட்டிலும் வையுங்கள். பாதித்த கை இயங்கிய நேரத்தை மற்றக் கை இயங்கிய நேரத்தால் வகுத்தால், நலமானவர்களுக்கு ஏறக்குறைய 0.95 வரும். மருத்துவமனையில் கை நன்றாகத் தூக்குபவருக்கும் வீட்டில் இந்த எண் உயராமல் தாழ்ந்தே கிடப்பதுண்டு. வலக்கை விழுந்த ஆயா, பிறர் பார்க்க இடக்கையால் உண்ணக் கூசி, ஊட்டிவிடச் சொல்வார். இரண்டு கையும் சும்மா இருந்த அந்த நேரத்தைச் சென்சார் ஓய்வு என்று எழுதிவைக்கும். எத்தனை வேளை தானே உண்டார் என்று ஒரு தாளில் வீட்டாரைக் குறிக்கச் சொல்லுங்கள். டாக்ஸி குலுக்கலும் கையசைவாகப் பதிவாகும், பயண நேரத்தையும் அதிலேயே குறிக்கட்டும்.

வேகத்துக்கு 14 மீட்டர் கோடு போட்டு நடு 10 மீட்டரை மட்டும் அளங்கள். அமெரிக்க எலும்பியல் மருத்துவர் ஜாக்குலின் பெர்ரியும் உடனிருந்தோரும் 1995-இல் வகுத்த எல்லை இன்றும் புழக்கத்தில் உள்ளது: நொடிக்கு 0.4 மீட்டருக்குக் கீழே என்றால் வீட்டுக்குள் மட்டும், 0.8-க்கு மேலே என்றால் வெளியே தாராளமாக. ஆனால் அது சமதரைக் கணக்கு. சாட்ஸ்வர்த்தின் மேட்டையும் வாசல் படியையும் நீங்கள் அறிவீர்கள். இயன்றால் அவர் வீட்டுப் படியிலும் தெருச் சரிவிலும் ஒருமுறை பதியுங்கள்.

உடல்நலத் தகவல், தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான பொபியாவின் கீழ் தனிக் காப்பு பெற்றது. கோப்பில் பெயருக்குப் பதில் குறியெண் இடுங்கள், இடங்காட்டியை அணைத்துவிடுங்கள். ஒப்புதல் தாளைப் பெரியவருக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்டியபின் கையெழுத்து வாங்குங்கள்.

இப்போதைக்கு இரண்டு கணைக்காலுக்கு மட்டும் கட்டி, ஐந்து பேரை அளங்கள். கையால் எண்ணியதையும் கருவி எண்ணியதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். எந்தக் காலில் குறைகிறது என்பதையும் குறிப்பிடுங்கள்.

அன்புடன்.