நஞ்சுக்கொடியில் பிஎச்.டி. செய்தால் வேலை கிடைக்குமா?

எம்.எஸ்சி. உயிர் இயற்பியல் படிக்கும் மகள், நஞ்சுக்கொடிச் செல்களின் சவ்வில் உள்ள குளோரைடு அயனிக் கால்வாய்களில்தான் (குளோரைடு அயனிகள் சவ்வைக் கடந்து போய்வரும், திறந்து மூடும் நுண்ணிய வழிகள்) ஆராய்ச்சி செய்வேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள், இதற்கெல்லாம் யார் வேலை கொடுப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். சொந்தக்காரர்களிடம் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம்தான் அம்மா. ஆனால் வேலைக்கு எடுப்பவர்கள், எந்தக் கருவியில் கை பழகியிருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

இந்தத் துறையில் அது பேட்ச் கிளாம்ப். நுனி ஒரு மைக்ரான் அளவே உள்ள கண்ணாடிக் குழாயைச் சவ்வில் ஒட்டவைத்து, ஒற்றைக் கால்வாய் திறந்து மூடும்போது ஓடும் சில பிக்கோஆம்பியர் (ஒரு ஆம்பியரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) மின்னோட்டத்தை அளப்பார்கள். யாராவது கதவை அறைந்து சாத்தினாலே பதிவு கெட்டுப்போகும். அவ்வளவு பொறுமை வேண்டும். இதை உருவாக்கிய எர்வின் நேயரும் பெர்ட் சக்மனும் 1991இல் நோபல் பரிசு பெற்றார்கள். மருந்து நிறுவனங்களுக்கும் இந்த ஆட்கள் தேவை. புதிய மருந்து இதயத்தின் ஹெர்க் பொட்டாசியம் கால்வாயை அடைத்தால் துடிப்பு தாறுமாறாகும் என்பதால், மனிதர்களுக்குக் கொடுக்கும் முன்பே அதைச் சோதிக்கிறார்கள். குளோரைடும் சளைத்ததல்ல: நுரையீரலைப் பாதிக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய்க்கு 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஐவாகாஃப்டர், சி.எஃப்.டி.ஆர். என்ற குளோரைடு கால்வாயைக் கூடுதல் நேரம் திறந்திருக்கச் செய்யும் மருந்துதான்.

நான் கவலைப்படுவது ஆய்வகத்தைப் பற்றி. நஞ்சுக்கொடியில் தாயின் ரத்தத்தைத் தொட்டு நிற்கும் அடுக்கில் செல்களுக்கு நடுவே எல்லையே கிடையாது. எல்லாம் ஒன்றாக இணைந்து பல உட்கருக்களோடு ஒரே விரிப்பாக இருக்கும். தாய்ப்பக்கச் சவ்வு வேறு, சிசுப்பக்கச் சவ்வு வேறு. பிரசவம் முடிந்ததும் திசுவை வாங்கி, இரண்டையும் பக்குவமாகப் பிரிக்க வேண்டும். அதற்குத் தாயின் சம்மதமும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் கட்டாயம். ஆகவே பிரசவ ஆஸ்பத்திரியோடு தொடர்பு இல்லாத ஆய்வகத்தில் இந்தத் தலைப்பை எடுத்தால் வருடங்கள் வீணாகும். மகள் சேருமுன் அங்குள்ள மாணவர்களிடம் பேசட்டும்: கருவி ஓடுகிறதா, திசு ஒழுங்காக வருகிறதா?

பணம்? சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. முடிக்க ஐந்தாறு வருடமாகும். கல்யாணப் பேச்சை அதற்குள் எடுப்பதா என்பதை அவளிடமே கேளுங்கள், அதில் நான் தலையிட மாட்டேன். இப்போதைக்கு, இந்திய அறிவியல் அகாடமிகள் தரும் கோடைகால ஆராய்ச்சி உதவித்தொகைக்கு விண்ணப்பித்து, இரண்டு மாதம் ஒரு அயனிக் கால்வாய் ஆய்வகத்தில் உட்காரச் சொல்லுங்கள். அதன்பிறகும் இதே பிடிவாதம் இருந்தால் தடுக்காதீர்கள்.