ஹாக்கியும் 'நாம்' என்பதும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜிம்பாப்வே விடுதலை பெற்ற 1980-லேயே அந்நாட்டுப் பெண்கள் மாஸ்கோ ஒலிம்பிக் ஹாக்கியில் தங்கம் வென்றதை அண்மையில் ஒரு கட்டுரையில் படித்தேன். அந்த வெற்றிதான் புதிய தேசத்தை ஒன்றாக்கியது என்று எழுதியிருந்தார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. கொடி ஏறும்போது எனக்கும் கண் கலங்கும். மறுவாரமே பழையபடி ஆகிவிடுகிறோம். ஒரு வெற்றியால் 'நாம்' என்ற உணர்வு மாறுமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் சந்தேகப்பட்டது சரி. ஆனாலும் அந்தக் கதையை நான் அவ்வளவு எளிதில் விட்டுவிட மாட்டேன்.

அந்த அணியின் 16 பேரும் வெள்ளையர். நாட்டு மக்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பர். ரொடீசியா என்ற பெயரில் வெள்ளைச் சிறுபான்மை ஆண்ட காலத்தில், 1964-க்குப் பிறகு, ஒலிம்பிக் கதவு அவர்களுக்கு அடைபட்டே கிடந்தது. 1972-ல் மியூனிக் வரை போனவர்களைப் போட்டி தொடங்கும் முன்பே விலக்கிவிட்டார்கள். நீண்ட போருக்குப் பின் 1980 ஏப்ரல் 18 அன்று கறுப்பினப் பெரும்பான்மை ஆட்சிக்கு வந்தது. அந்தக் கதவும் திறந்தது. யாருடைய ஆட்சி போயிற்றோ அவர்கள் வீட்டுப் பெண்களே அந்த வழியாக உள்ளே போய், புதிய நாட்டின் முதல் பதக்கத்தோடு வெளியே வந்தார்கள். வரலாறு சில சமயம் இப்படிக் குறும்பும் செய்யும்.

ஆப்கானிஸ்தான் மீதான சோவியத் படையெடுப்பைக் கண்டித்துப் பல நாடுகள் மாஸ்கோவைப் புறக்கணித்ததால் கடைசி நேரத்தில் வந்த அழைப்பு அது. அதற்காக வெற்றியை இனாம் என்று சொல்லிவிட முடியாது. சோவியத் அணியை அதன் மண்ணிலேயே 2-0 என்று தோற்கடித்தார்கள். நம் பெண்களோடு 1-1 டிரா. ஆஸ்திரியாவை 4-1 என்று வென்று தங்கம். ஊர் திரும்பியபோது ஆளுக்கொரு காளை பரிசு என்று பேச்சு. கைக்கு வந்தது இறைச்சிப் பொட்டலம் என்பார்கள்.

அதனால் தேசம் ஒன்றாயிற்றா? இல்லை. அடுத்த சில ஆண்டுகளில் வெள்ளையர் பலர் நாட்டைவிட்டே போனார்கள். அந்தப் பெண்கள் அணி பிறகு ஒலிம்பிக் பக்கமே வரவில்லை. ஆனால் 'இவர்களும் நம்மவர்தானா?' என்ற கேள்விக்கு ஒரு நாளாவது 'ஆம்' என்று சொல்ல ஒரு காரணம் கிடைத்தது. வெற்றி செய்யக்கூடியது அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். அது அற்பமானது அல்ல. ஆனால் ஜெயித்தவரை நம்மவர் என்று சொல்ல யாருக்கும் செலவில்லை. தோற்ற அன்று என்ன சொல்கிறோம் என்பதைத்தான் நான் கவனிப்பேன்.

டோக்கியோவை நினைத்துப் பாருங்கள். 2021 ஜூலை 31 அன்று தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக வந்தனா கட்டாரியா மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக் ஹாக்கியில் 'ஹாட்ரிக்' அடித்த முதல் இந்தியப் பெண் அவர்தான். நாடே கொண்டாடியது. ஆகஸ்ட் 4 அன்று அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் 2-1 என்று தோற்றோம். அன்று ஹரித்வார் அருகே அவர் வீட்டு வாசலில் சிலர் பட்டாசு வெடித்து, அணியில் தலித்துகள் அதிகமானதால்தான் தோல்வி என்று வசை பாடியதாகக் குடும்பத்தார் போலீசில் புகார் கொடுத்தார்கள். கைதும் நடந்தது.

இரண்டு நாள் கழித்து வெண்கலத்துக்கான ஆட்டம், பிரிட்டனோடு. 4-3 என்று தோற்றோம். நம் மூன்று கோல்களில் ஒன்று வந்தனா போட்டது.