டிஜிட்டல் பொருள் விற்க எந்தத் தளம்? – வாசகர் கேள்வி பதில்

மின்னூல், வார்ப்புரு, எழுத்துரு, மென்பொருள், பாடக் காணொளி என்று கோப்பாகவே கைமாறும் பொருட்களை இணையத்தில் விற்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கேள்வி: மின்னூல்களும் எக்செல் வார்ப்புருக்களும் விற்கப்போகிறேன். ஷாப்பிஃபை, வூகாமர்ஸ், கம்ராட், எட்ஸி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதில் தொடங்கலாம்?

பதில்: முதலில் ஒரு கேள்வியை முடித்துவிடுங்கள்: அந்தத் தளம் உங்கள் நாட்டு வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்புமா? கடை முழுவதையும் கட்டி முடித்துவிட்டு, கடைசியில் வங்கி விவரம் கொடுக்கும் பக்கத்தில் போய் முட்டிக்கொள்பவர்கள் அதிகம். உதவிப் பக்கத்தில் பணம் வழங்கும் நாடுகளின் பட்டியல் இருக்கும். கணக்கு தொடங்கும் முன்பே அதைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, வாங்குபவருக்குச் சட்டப்படி விற்பவர் யார் என்று பாருங்கள். நீங்கள் சொன்ன நான்கும் ஒரே இனம் கிடையாது. சொந்தக் கடை கட்டித்தரும் ஷாப்பிஃபையிலும், வேர்ட்பிரஸ் இணையதளத்தில் கடையைச் சேர்க்கும் வூகாமர்ஸிலும் விற்பவர் நீங்களே. பில், வரி, பணம் திரும்பக் கேட்கும் தகராறு எல்லாம் உங்கள் தலையில்தான். பேடில், லெமன் ஸ்குவீஸி, 2025 ஜனவரி முதல் கம்ராட் ஆகியவை 'மெர்ச்சன்ட் ஆஃப் ரெக்கார்டு' முறையில் இயங்குகின்றன. அதாவது வாங்குபவருக்கு விற்பது அந்த நிறுவனம். விற்பனை வரியை வசூலித்துக் கட்டுவதும் அதுவே. தன் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மீதியை உங்களுக்குத் தரும். எட்ஸி ஒரு சந்தை. ஆள் நடமாட்டம் ஏற்கெனவே இருக்கும், ஆனால் உங்கள் பொருளுக்குப் பக்கத்திலேயே அதே மாதிரி நூறு பொருள் இருக்கும். அங்கே ஒரு பட்டியலுக்கு ஐந்து கோப்பு, கோப்புக்கு 20 எம்பி என்பது உச்சவரம்பு. எக்செல் வார்ப்புருவுக்குத் தாராளமாகப் போதும், பெரிய வடிவமைப்புத் தொகுப்புக்குப் போதாது.

பத்துப் பதினைந்து பொருட்களோடு தனியாளாகத் தொடங்குபவர், வாங்குபவர்கள் பல நாடுகளில் இருப்பார்கள் என்றால், மெர்ச்சன்ட் ஆஃப் ரெக்கார்டு வகையில் தொடங்குவதே நல்லது என்பது எங்கள் கருத்து. கட்டணம் கூடுதல்தான். ஆனால் அது எதற்கான விலை என்பது கீழே வரி பற்றிய பதிலில் புரியும்.

மின்னூல் விற்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதே நூலை அமேசானின் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்த்திருந்தால், அந்த 90 நாளும் அதன் மின்வடிவத்தை வேறெங்கும் விற்கக் கூடாது. உங்கள் சொந்தத் தளமும் அந்தத் தடைக்குள் வரும். திட்டம் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் என்பதால், புதுப்பிப்பை நிறுத்திவிட்டுக் கெடு முடியும்வரை காத்திருந்து கடை திறங்கள்.

கேள்வி: 2 டாலருக்கு வார்ப்புரு விற்கிறேன். கையில் வருவது மிகக் குறைவு. கட்டணம் குறைந்த தளத்துக்கு மாறலாமா?

பதில்: மாறும் முன் விலையைப் பாருங்கள். உங்களைக் கடிப்பது சதவீதம் இல்லை, ஒவ்வொரு விற்பனைக்கும் அதோடு ஒட்டிவரும் நிலையான 50 சென்ட். பேடிலும் லெமன் ஸ்குவீஸியும் அறிவித்துள்ள அடிப்படைக் கட்டணம் 5 சதவீதமும் 50 சென்ட்டும். 2 டாலர் பொருளுக்கு இது 60 சென்ட், அதாவது விலையில் 30 சதவீதம். 20 டாலர் பொருளுக்கு 1.50 டாலர், வெறும் 7.5 சதவீதம். கம்ராடின் 10 சதவீதமும் 50 சென்ட்டும் என்ற கணக்கில் உங்கள் 2 டாலரில் 70 சென்ட்டாவது போய்விடும். அதன் டிஸ்கவர் சந்தை வழியாக வரும் விற்பனைக்கு 30 சதவீதம்.

ஐந்து வார்ப்புருக்களை ஒரு கட்டாக 10 டாலருக்கு வையுங்கள். 5 சதவீதம், 50 சென்ட் கணக்கில் கட்டணம் 1 டாலர். தனித்தனியாக ஐந்து முறை விற்றால் அதே 10 டாலருக்கு 3 டாலர் போயிருக்கும். தளம் மாற்றாமலே 2 டாலர் மிச்சம். தனியாகத்தான் விற்கவேண்டும் என்றால் குறைந்தபட்சம் 5 டாலர் வையுங்கள்.

மாதச் சந்தா உள்ள தளங்களுக்குக் கணக்கு வேறு. பேஹிப்பில் இலவசத் திட்டத்துக்கு 5 சதவீதம், மாதம் 29 டாலர் திட்டத்துக்கு 2 சதவீதம், 99 டாலர் திட்டத்துக்குக் கமிஷன் இல்லை. முதலிரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 3 சதவீதம். 29 டாலரை 0.03-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 967. மாத விற்பனை அதைத் தாண்டினால்தான் சந்தா லாபம். அடுத்த படிக்கு 70 டாலரை 0.02-ஆல் வகுங்கள்: 3,500 டாலர். பேஹிப்பில் பணம், கார்டுப் பணத்தை வசூலித்துத் தரும் ஸ்ட்ரைப் அல்லது பேபாலில் உள்ள உங்கள் கணக்குக்கு நேராக வருவதால், அந்த நிறுவனங்களின் கட்டணம் தனி. விலைப் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது தளத்தின் கமிஷன் மட்டும். கார்டு கட்டணம், வெளிநாட்டுக் கார்டு கூடுதல், நாணய மாற்று எல்லாம் சிறிய எழுத்தில் இருக்கும். ஒரு சோதனை விற்பனை செய்து, கணக்கில் வந்து சேர்ந்த தொகையைப் பாருங்கள். அதுதான் உண்மையான கட்டணம்.

கேள்வி: வேர்ட்பிரஸில் வூகாமர்ஸ் நிறுவியிருக்கிறேன். பணம் வந்துவிடுகிறது, ஆர்டர் 'புராசஸிங்' நிலையிலேயே நிற்கிறது, வாங்கியவருக்குக் கோப்பு போவதில்லை. முகவரி வேறு கேட்கிறது. என்ன கோளாறு?

பதில்: இரண்டுக்கும் காரணம் ஒன்றே. பொருளைத் திருத்தும் பக்கத்தில் 'புராடக்ட் டேட்டா' பெட்டியின் மேலே 'வர்ச்சுவல்', 'டவுன்லோடபிள்' என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். கோப்பு விற்பதால் இரண்டாவதை மட்டும் பலர் டிக் செய்கிறார்கள். வர்ச்சுவல் டிக் இல்லாவிட்டால், அனுப்பிவைக்கவேண்டிய பொருள் என்று வூகாமர்ஸ் எடுத்துக்கொள்ளும். பொருளை அனுப்பவேண்டிய முகவரியைக் கேட்பது அதனால்தான். ஆர்டரில் உள்ள ஒவ்வொரு பொருளும் வர்ச்சுவலாகவும் டவுன்லோடபிளாகவும் இருந்தால்தான், பணம் வந்ததும் ஆர்டர் தானாக 'கம்ப்ளீட்டட்' ஆகும்.

அச்சுப் புத்தகத்தையும் மின்னூலையும் ஒருவர் சேர்த்து வாங்கினாலும் ஆர்டர் புராசஸிங்கில் நிற்கும். அதற்கு, செட்டிங்ஸில் புராடக்ட்ஸ், அதற்குள் டவுன்லோடபிள் புராடக்ட்ஸ் பகுதிக்குப் போய், பணம் செலுத்தியதும் பதிவிறக்க அனுமதி தரும் கட்டத்தை டிக் செய்யுங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்ட ஆர்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்தால், கீழே பதிவிறக்க அனுமதிப் பெட்டி இருக்கும். அதில் பொருளைத் தேர்ந்தெடுத்து அனுமதி கொடுங்கள்.

ஆர்டர் புராசஸிங்குக்குக்கூட வராமல் 'பெண்டிங்'கில் நின்றால் அது வேறு நோய். பணம் வந்த செய்தியைக் கட்டண நிறுவனத்திலிருந்து கொண்டுவரும் வெப்ஹூக் உங்கள் தளத்தை எட்டவில்லை. பாதுகாப்புப் பிளகின் அதைத் தடுக்கிறதா என்று பாருங்கள்.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் கட்டாயம் பார்க்கவேண்டிய ஒன்று. விற்பனைக் கோப்புகள் 'வூகாமர்ஸ் அப்லோட்ஸ்' என்ற கோப்புறையில் இருக்கும். அதை வெளியார் நேரடியாகத் திறக்காமல் தடுப்பது எச்டி-ஆக்சஸ் என்ற சிறு கோப்பு. அப்பாச்சி சர்வர் அதை மதிக்கும். என்ஜின்எக்ஸ் சர்வர் அதைக் கண்டுகொள்ளாது. உங்கள் கோப்பின் நேரடி முகவரியை நகலெடுத்து, பிரவுசரின் தனிப்பட்ட ஜன்னலில் ஒட்டிப் பாருங்கள். கோப்பு திறந்தால் கடையின் பின்கதவு திறந்து கிடக்கிறது என்று பொருள். அந்தக் கோப்புறையை மறுக்கும் விதியை என்ஜின்எக்ஸ் அமைப்பில் சேர்க்கச் சொல்லி உங்கள் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு எழுதுங்கள். பதிவிறக்க முறையில் 'ரீடைரக்ட் ஒன்லி'யைத் தேர்ந்தெடுக்காதீர்கள், உண்மையான முகவரி வாங்குபவருக்குத் தெரிந்துவிடும். 'ஃபோர்ஸ் டவுன்லோட்ஸ்' பாதுகாப்பானது, ஆனால் கோப்பு முழுவதும் தளத்தை இயக்கும் பிஎச்பி நிரல் வழியாகப் போவதால், பெரிய கோப்பாக இருந்தால் நேரக்கெடு தாண்டிப் பாதியில் அறுந்துவிடும். சில நூறு எம்பி கோப்புகளுக்கு, சர்வரே கோப்பை நேராக அனுப்பும் 'எக்ஸ்-சென்ட்ஃபைல்' முறையை சர்வரில் இயக்கிக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் கோப்பு வரவில்லை என்று புகார் வந்தால், மின்னஞ்சல் ஸ்பேமில் கிடக்கும். சர்வரிலிருந்து நேராக அனுப்பாமல் மின்னஞ்சல் அனுப்புவதற்கென்றே உள்ள ஒரு எஸ்எம்டிபி சேவை வழியாக அனுப்புங்கள். அஞ்சல் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகளை உங்கள் டொமைனுக்குச் சேருங்கள். அவை இல்லாத அஞ்சலை 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் கடுமையாக நடத்துகின்றன.

கேள்வி: ஐரோப்பாவிலிருந்து ஒன்றிரண்டு பேர்தான் வாங்குகிறார்கள். அதற்கும் வரி கட்டவேண்டுமா?

பதில்: வேண்டும். 2015 ஜனவரி 1 முதல், நுகர்வோருக்கு விற்கும் டிஜிட்டல் பொருளுக்கு வாங்குபவர் இருக்கும் நாட்டின் வாட் வரிதான் பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருக்கும் சிறு விற்பனையாளருக்கு ஆண்டுக்கு 10,000 யூரோ வரை சலுகை உண்டு. வெளியிலிருந்து விற்பவருக்கு அது கிடையாது, முதல் விற்பனையிலிருந்தே கணக்கு. விகிதமும் நாட்டுக்கு நாடு மாறும்: பொது விகிதம் லக்ஸம்பர்கில் 17 சதவீதம், ஹங்கேரியில் 27. மின்னூலுக்குக் குறைந்த விகிதம் வைத்துக்கொள்ள 2018-இல் நாடுகளுக்கு அனுமதி தரப்பட்டதால், அதே நாட்டிலேயே மின்னூலுக்கு ஒரு விகிதம், வார்ப்புருவுக்கு ஒரு விகிதம் இருக்கலாம்.

நீங்களே கட்டுவதென்றால், 'ஒன் ஸ்டாப் ஷாப்' திட்டத்தில் ஏதாவது ஓர் உறுப்பு நாட்டில் பதிவு செய்து, காலாண்டுக்கு ஒருமுறை கணக்குக் காட்டவேண்டும். வாங்கியவர் எந்த நாடு என்பதற்கு ஒன்றோடொன்று முரண்படாத இரண்டு சான்றுகள், உதாரணமாக பில் முகவரியும் ஐபி முகவரியும், வைத்திருக்கவேண்டும். பதிவேடுகளை 10 ஆண்டு காக்கவேண்டும். ஒன்றிரண்டு விற்பனைக்காக இவ்வளவா என்றால், அதனால்தான் மெர்ச்சன்ட் ஆஃப் ரெக்கார்டு கேட்கும் அந்தக் கூடுதல் சதவீதம் நியாயமானது. வூகாமர்ஸ் போன்றவை வரியைக் கணக்குப் போட்டு வசூலிக்கும், உங்களுக்காகத் தானே போய்க் கட்டாது. உங்கள் சொந்த நாட்டு வருமான வரி எந்தத் தளத்தில் விற்றாலும் உங்கள் பொறுப்புதான்.

கேள்வி: வாங்கியவர் பிடிஎஃப்பை எல்லோருக்கும் அனுப்பிவிட்டால்? எந்தத் தளம் அதைத் தடுக்கும்?

பதில்: முழுதாகத் தடுக்கும் தளம் எதுவும் இல்லை. கடுமையான பூட்டுப் போட்டால் காசு கொடுத்தவர்தான் அவதிப்படுவார். ஒவ்வொரு பிரதியிலும் வாங்கியவரின் மின்னஞ்சலும் ஆர்டர் எண்ணும் பதியும் 'ஸ்டாம்பிங்' வசதி இருக்கிறதா என்று பாருங்கள். தன் பெயர் உள்ள கோப்பைப் பொதுவில் போட யாருக்கும் கை கூசும். தமிழ்ப் பெயரை முத்திரையாக வைக்காதீர்கள். அந்த மென்பொருளின் எழுத்துருவில் தமிழ் இல்லாவிட்டால் பக்கமெல்லாம் கட்டம் கட்டமாக வரும்.

பதிவிறக்க வரம்பை 1 என்று வைப்பது தவறு. கைப்பேசியில் ஒருமுறை, கணினியில் ஒருமுறை என்று இறக்குவது இயல்பு. பாதியில் அறுந்து தொடர்வதைத் தனியாக எண்ணும் அமைப்புகளும் உண்டு. 5 வையுங்கள். மென்பொருள் விற்பவர்கள் உரிமச் சாவி தரும் தளத்தையே எடுக்கவேண்டும். பழைய கணினியிலிருந்து சாவியை விடுவிக்கும் வசதியை வாங்கியவரிடமே கொடுத்துவிட்டால், உதவி கேட்டு வரும் அஞ்சல்கள் வெகுவாகக் குறையும்.

கேள்வி: கோப்பை இறக்கிக்கொண்டு, 'நான் வாங்கவே இல்லை' என்று வங்கியில் புகார் செய்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: பல புகார்களுக்குக் காரணம் ஏமாற்று இல்லை. கார்டு கணக்கு அறிக்கையில் வந்த பெயர் அவர்களுக்குத் தெரியாததுதான். ஸ்ட்ரைப்பில் அந்தப் பெயரை 5 முதல் 22 எழுத்துக்குள் நீங்களே வைக்கலாம். நிறுவனத்தின் பதிவுப் பெயரை விட்டுவிட்டுக் கடையின் பெயரை வையுங்கள். மெர்ச்சன்ட் ஆஃப் ரெக்கார்டில் அவர்கள் பெயர்தான் வரும், ஆகவே நன்றி அஞ்சலின் முதல் வரியிலேயே அதைச் சொல்லிவிடுங்கள்.

வழக்காடச் சான்று வேண்டும்: இறக்கிய நேரம், ஐபி முகவரி, எத்தனை முறை இறக்கினார், எந்த மின்னஞ்சல். இந்தப் பதிவேட்டைத் தராத தளத்தை எடுக்காதீர்கள். ஐரோப்பிய நுகர்வோருக்கு 14 நாள் திரும்பப் பெறும் உரிமை உண்டு. 'உடனே தரச் சம்மதிக்கிறேன், திரும்பப் பெறும் உரிமை போய்விடும் என்பதை அறிவேன்' என்று வாங்கும்போதே டிக் செய்ய வைத்து, அதை அஞ்சலில் உறுதிப்படுத்தினால் அந்த உரிமை நீங்கும். அந்தக் கட்டத்தைச் சேர்க்கத் தளம் இடம் தருகிறதா என்று கேளுங்கள்.

திடீரென்று ஒரே இரவில் ஐம்பது, நூறு முயற்சிகள் தோல்வியடைந்திருந்தால், திருட்டுக் கார்டு எண்களை உங்கள் கடையில் சோதித்துப் பார்க்கிறார்கள். 'விரும்பிய தொகை கொடுங்கள்' வகைப் பொருட்களைத்தான் முதலில் தேடிவருவார்கள். குறைந்தபட்சத் தொகை வையுங்கள், பணம் செலுத்தும் பக்கத்தில், வந்திருப்பது மனிதரா என்று சோதிக்கும் கேப்சா போடுங்கள். அப்படி வெற்றிபெற்ற விற்பனைகளைப் புகார் வரும் முன்னே நீங்களே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: பிறகு வேறு தளத்துக்கு மாறமுடியுமா?

பதில்: சொந்த டொமைனில் கடை வைத்திருந்தால் பெரும்பாலும் முடியும். வாங்கியவர் பட்டியலை சிஎஸ்வியாக (எக்செல்லில் திறக்கும் எளிய அட்டவணைக் கோப்பாக) எடுக்க முடிகிறதா என்று முதல் மாதமே சோதித்துப் பாருங்கள். சந்தா விற்பவர்களுக்குத்தான் சிக்கல். கார்டு விவரம் உங்கள் சொந்த ஸ்ட்ரைப் கணக்கில் இருந்தால் சந்தா தொடரும். மெர்ச்சன்ட் ஆஃப் ரெக்கார்டிடம் இருந்தால், ஒவ்வொருவரையும் மறுபடி கார்டு போடச் சொல்லவேண்டி வரலாம். பழைய கணக்கை உடனே மூடாதீர்கள். கார்டுப் புகாருக்குப் பொதுவாக 120 நாள் அவகாசம் உண்டு. அதுவரை பழைய பதிவிறக்க இணைப்புகளும் சான்றுப் பதிவேடுகளும் உங்கள் கையில் இருக்கவேண்டும்.