125-ஆ, 250-ஆ?

கேள்வி: என் பந்தய கோ-கார்ட்டுக்குப் பழைய டூ-ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் (மண்பாதைப் பந்தய பைக்) இன்ஜின் தேடுகிறேன். 125 சிசியா, 250 சிசியா?

பதில்: முதல் கார்ட் என்றால் 125 போதும். 250-இன் இழுவையை வளைவில் அடக்குவது பெரும்பாடு. ஹோண்டா சிஆர்125 கார்ட்டில் நன்கு பழகிய இன்ஜின். ஆனால் 2007 மாடலோடு நின்றுவிட்டது. யமஹா ஒய்இசட்125-ஐயும் பாருங்கள்.

சரி, பொருத்தும்போது ஒன்று. பைக்கில் பெட்ரோல் மேலிருந்து தானாக இறங்கும். கார்ட்டில் டேங்க் தரையோடு கிடப்பதால், பெட்ரோலை மேலேற்ற, கிராங்க்கேஸ் (இன்ஜினின் அடிக்கூடு) அழுத்தத்தில் இயங்கும் பல்ஸ் பம்ப் கட்டாயம். அப்புறம் மெயின் ஜெட், அதாவது கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளை. நேர்ப்பாதையில் த்ராட்டிலை நெடுநேரம் முழுதாகத் திறந்தே வைத்திருப்போம். பைக்குக்கு வைத்த ஜெட் தரும் பெட்ரோல் அதற்குப் பற்றாது. நான் மாற்றாமல் ஓட்டி, எக்ஸாஸ்ட் பக்கம் பிஸ்டன் முழுக்கக் கீறலோடு கழற்றினேன். பெரிய ஜெட்டில் தொடங்குங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நுனியைப் பாருங்கள்: காபிப் பழுப்பாக இருந்தால் நல்லது, வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, உடனே நிறுத்துங்கள்.