ஆட்டுக்கறியில் ரெட் ஒயின் ஊற்றினால் ஏன் கசக்கிறது?

கேள்வி: கணவருக்கு அலுவலகத்தில் ரெட் ஒயின் கொடுத்தார்கள். போத்தலில் கேபர்னே சோவினியோன் என்று போட்டிருக்கிறது. வீட்டில் யாரும் அதிகம் குடிப்பதில்லை என்பதால் பாதியை ஆட்டுக்கறிக் குழம்பில் ஊற்றினேன். இரும்பு வாணலியில் வதக்கி, தக்காளியும் புளியும் வழக்கம்போலச் சேர்த்து, குக்கரில் வைத்து, கடைசியில் தேங்காய்ப்பால் விட்டேன். குழம்பு சாம்பல் நிறமாகி, கசப்பும் புளிப்புமாக இருந்தது. எங்கே தவறு? பிள்ளைகளுக்கு இதைக் கொடுக்கலாமா? மிச்ச ஒயினில் விருந்தாளிகளுக்கு ஏதாவது பானம் கலக்க முடியுமா? (தோ பாயோ வாசகி)

பதில்: ஒயின் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை. நீங்கள் சமைத்ததும் நல்ல குழம்புதான். அதில் ஏற்கெனவே இருந்த பொருள்களோடு ஒயின் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

நம் சமையலில் ஒயினை எந்த இடத்தில் வைப்பது என்று கேட்டால், புளியின் இடத்தில் என்பேன். புளியின் புளிப்புக்கு முக்கியக் காரணம் டார்டாரிக் அமிலம். திராட்சையிலும் ஒயினிலும் முதன்மையாக இருப்பதும் அதே அமிலம்தான். கால் லிட்டருக்குச் சற்று அதிகமாக ஒயின் ஊற்றினால், தோராயமாக ஒரு நெல்லிக்காய் அளவு புளி கரைத்து ஊற்றியதற்குச் சமம். உங்கள் குழம்பில் அது தக்காளிக்கும் புளிக்கும் மேல் மூன்றாவது புளிப்பாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஒயின் ஊற்றும் நாளில் புளியை எடுத்துவிடுங்கள். தக்காளி ஒன்று போதும், அதுவும் நன்கு பழுத்ததாக இருக்கட்டும். தயிரும் வேண்டாம்.

கசப்பு வேறு விஷயம். ரெட் ஒயினைக் குடிக்கும்போது நாக்கைப் பிடித்து இழுக்கும் துவர்ப்புக்கு டானின் என்று பெயர். அது திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருகிறது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகும், டானின் அப்படியே தங்கி அடர்த்தியாகும். கேபர்னே சோவினியோன், கனமான ஷிராஸ் போன்ற திராட்சை வகைகளில் செய்த ஒயின்களில் டானின் அதிகம். அவற்றை வற்றவைத்தால் குழம்பு கசக்கும். அது மிளகாய்க் காரத்தையும் தூக்கிக் காட்டும். சமையலுக்கென்று வாங்கினால் மெர்லோ, பினோ நுவார், கர்னாச்சா இவற்றில் ஒன்றைத் தேடுங்கள். இவை மென்மையானவை, நம் மசாலாவோடு சண்டை போடாது.

நிறம் மாறியதற்கு இரண்டு காரணங்கள். டானின் இரும்போடு சேர்ந்தால் கருக்கும். இரும்பு வாணலியில் வெங்காயம் வதக்கலாம், கறியைப் பொரித்தெடுக்கலாம். ஒயினை ஊற்றி நெடுநேரம் கொதிக்கவிடக் கூடாது. பூச்சில்லாத அலுமினியப் பாத்திரமும் அப்படித்தான். எவர்சில்வர், எனாமல் பூசிய சட்டி, நன்றாகப் பழகிய மண்சட்டி இவை நல்லவை. இரண்டாவது காரணம் தேங்காய்ப்பால். ஒயினின் சிவப்பு, புளிப்பு இருக்கும்வரைதான் சிவப்பு. புளிப்புக் குறைந்தால் அந்த நிறமி ஊதாவுக்கும் சாம்பலுக்கும் போய்விடும். வெள்ளைப் பாலும் கலந்தால் பார்க்கவே நன்றாக இருக்காது. ரெட் ஒயினும் தேங்காய்ப்பாலும் ஒரே சட்டியில் வேண்டாம் என்பதில் நான் கறாராக இருப்பேன். குழம்பு கெட்டியாக வேண்டுமென்றால் சின்ன வெங்காயத்தைக் கூடுதலாகப் போட்டு மசிய வதக்குங்கள்.

இனிக் குக்கர். நம் வீடுகளில் இந்த ஒரு காரணத்தாலேயே ஒயின் சமையல் பலருக்குப் பிடிக்காமல் போகிறது. ஒயினை ஊற்றியதும் மூடி விசில் போட்டால் பச்சை ஒயின் வாசம் வெளியேற வழியில்லாமல் கறிக்குள்ளேயே தங்கிவிடும். முதலில் திறந்த சட்டியில் பாதியாக வற்ற வேண்டும். அப்புறம் குக்கரோ சட்டியோ, உங்கள் விருப்பம்.

அடுத்த முறை இப்படிச் செய்து பாருங்கள். தேக்கா சந்தையில் எலும்போடு தொடைக்கறியோ முன்சப்பையோ ஒரு கிலோ வாங்குங்கள். உப்பும் மஞ்சளும் பிரட்டி, ஈரம் போகத் துடைத்துவிட்டு, சூடான எண்ணெயில் நாலைந்து துண்டுகளாகப் போட்டு எல்லாப் பக்கமும் சிவக்க விடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் தண்ணீர் விட்டுக்கொண்டு வேகுமே தவிரச் சிவக்காது. கறியை எடுத்து வைத்துவிட்டு, அதே எண்ணெயில் பட்டை, கிராம்பு, சோம்பு, பிரிஞ்சி இலை, கால் கிலோ சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, ஒரு தக்காளி என்று வரிசையாக வதக்குங்கள். மிளகாய்த்தூளை வழக்கத்தில் முக்கால் அளவு போட்டு, மிளகைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். ஒயினோடு மிளகு மிக அழகாகச் சேரும்.

இப்போது அடுப்பைக் குறைத்துவிட்டு 300 மில்லி ஒயினை ஊற்றுங்கள். தீ பெரிதாக எரியும்போது ஊற்றினால் ஆவி சட்டென்று பற்றிக்கொள்ளலாம், அதனால் குறைத்த பிறகுதான் ஊற்ற வேண்டும். சட்டியின் அடியில் கறி பிடித்துப் பழுப்பாக ஒட்டியிருக்கும். மரக்கரண்டியால் அதை நிதானமாகச் சுரண்டிவிடுங்கள். குழம்பின் ருசியில் பாதி அங்கேதான் இருக்கிறது. அது கரையக் கரைய ஒயினின் வெளிர் சிவப்பு மெல்லப் பழுப்பாகும். முதலில் மூக்கில் ஏறும் நெடி வரும். எட்டுப் பத்து நிமிடத்தில் அது அடங்கி, உலர்திராட்சை வதங்கும் வாசம் மேலெழும். அந்த வாசம் வந்த பிறகே கறியைப் போட்டு, மூழ்கும் அளவு வெந்நீர் விட்டு மூடுங்கள். மெல்லிய தீயில் ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம். கடைசியில் ருசி பார்த்துப் புளிப்புத் தூக்கலாக இருந்தால் அரைத் தேக்கரண்டி பனைவெல்லம். உப்பை அப்போது சரிசெய்தால் போதும். இடியாப்பம், ரொட்டி, சோறு எதற்கும் இது பொருந்தும். மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும்.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். கொதித்தால் ஆல்கஹால் முழுவதும் போய்விடும் என்று பலரும் நம்புகிறார்கள். அது சரியில்லை. தனி ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிக்கும் என்றாலும், தண்ணீரோடு கலந்தபின் அது மெதுவாகத்தான் விலகும். அமெரிக்க விவசாயத் துறை வெளியிட்ட அட்டவணைப்படி, 15 நிமிடம் கொதித்த உணவில் ஊற்றியதில் 40 விழுக்காடு மிஞ்சுகிறது. ஒரு மணி நேரத்தில் 25, இரண்டு மணி நேரத்தில் 10 விழுக்காடு. மேலே சொன்ன குழம்பில் ஊற்றும் 300 மில்லி ஒயினில் ஏறக்குறைய 40 மில்லி ஆல்கஹால் இருக்கும். இரண்டு மணி நேரம் கழித்துச் சட்டி முழுவதிலும் சுமார் 4 மில்லி. ஆறு பேர் சாப்பிட்டால் ஆளுக்கு ஒரு மில்லிகூட இல்லை. பெரியவர்களுக்கு இது பொருட்டே இல்லை. ஆனால் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும், குடியை விட்டு மீண்டு வருபவர்களுக்கும் நான் கொடுக்க மாட்டேன். சில மருந்துகளோடு ஆல்கஹால் கூடவே கூடாது, மெட்ரோனிடசோல் அவற்றில் ஒன்று. அதனால் ஒயின் ஊற்றுவதற்கு முன்பே மசாலாவில் ஒரு பங்கைச் சின்னச் சட்டிக்கு மாற்றி, பிள்ளைகளுக்கு வழக்கமான குழம்பாக முடித்துவிடுங்கள். முஸ்லிம் நண்பர்கள் வருவதாக இருந்தால் அன்றைக்கு ஒயின் சமையலே வேண்டாம். வற்றிவிட்டது என்ற சமாதானம் அங்கே செல்லாது, பாத்திரமும் கரண்டியும்கூட அவர்களுக்கு முக்கியம்.

சைவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றும் உண்டு. ஒயினைத் தெளியவைக்கச் சில தயாரிப்பாளர்கள் முட்டை வெள்ளைக்கருவையோ, ஜெலட்டினையோ, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பொருளையோ பயன்படுத்துவார்கள். லேபிளில் வீகன் என்று போட்டிருந்தால் அந்தக் கவலை இல்லை. சைவத்தில் எனக்கு மிகவும் பிடித்தது வெங்காயத் தொக்கு. அரைக்கிலோ பெரிய வெங்காயத்தை நீளவாக்கில் நறுக்கி, மெல்லிய தீயில் அரைமணி நேரம் வதக்கி, 150 மில்லி ஒயின், இரண்டு தேக்கரண்டி வெல்லம், மிளகுத்தூள் சேர்த்துச் சுருள வற்றவையுங்கள். தோசைக்கும் டோஸ்ட்டுக்கும் அருமையாக இருக்கும்.

வாங்கும்போது விலையைப் பற்றி ஒரு கணக்கு. சிங்கப்பூரில் ஒயினில் உள்ள ஆல்கஹாலுக்கு லிட்டருக்கு 88 வெள்ளி தீர்வை. 13.5 விழுக்காடு ஆல்கஹால் உள்ள 750 மில்லி போத்தலில் தீர்வை மட்டும் ஏறக்குறைய 8 வெள்ளி 90 காசு. அதற்கு மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி. பேரங்காடியில் 20 வெள்ளிக்கு வாங்கும் போத்தலில் வரிகள் போக 9 வெள்ளி சொச்சம்தான் மிஞ்சுகிறது. கண்ணாடி, கப்பல், கடை, ஒயின் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஆகவே சமையலுக்கு 20 முதல் 25 வெள்ளி போதும். அதற்கு மேல் கொடுத்து வாங்கினால் அதன் நுட்பமான வாசம் கிராம்புக்கும் சோம்புக்கும் முன்னால் நிற்காது. குக்கிங் ஒயின் என்று விற்பதைத் தவிருங்கள், பெரும்பாலும் உப்புச் சேர்த்திருப்பார்கள். ஃபூச்சோவ் சீனர்கள் மீ சுவா நூடல்ஸில் ஊற்றும் சிவப்பு ஒயின் சிவப்பரிசி நொதியும் ஒட்டரிசியும் சேர்த்துச் செய்வது. அதன் ருசி அருமை, ஆனால் இந்தக் குழம்புக்கு அது மாற்றாகாது.

திறந்த போத்தலை நம் ஊர் வெப்பத்தில் சமையல் மேடையில் வைக்காதீர்கள். ரெட் ஒயினும் குளிர்பெட்டிக்குத்தான் போக வேண்டும். மூடி வைத்தால் மூன்றிலிருந்து ஐந்து நாள் தாங்கும். அதற்கு மேல் என்றால் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கட்டி ஏறக்குறைய இரண்டு மேசைக்கரண்டி. காற்றுப் பட்டுக் கொஞ்சம் சாரமிழந்த ஒயின் சமையலுக்குப் பரவாயில்லை. வினிகர் வாசமோ நகப்பூச்சு வாசமோ வந்தால் கொட்டிவிடுங்கள்.

பானத்துக்கு உங்களிடம் மிச்சமிருக்கும் கேபர்னே தாராளமாக ஆகும், ஏனென்றால் இங்கே கொதிக்கவைக்கப் போவதில்லை. நம் வெயிலுக்கு ஸ்பெயின்காரர்களின் திந்தோ தெ வெரானோவை மிஞ்ச எதுவும் இல்லை. குளிர்ந்த ரெட் ஒயினும் எலுமிச்சைச் சோடாவும் சரிபாதி, கண்ணாடிக் குவளை நிறைய ஐஸ். இங்கே கலமன்சி என்ற சின்ன எலுமிச்சை மலிவாகக் கிடைக்கிறதே, இரண்டை அரிந்து பிழிந்துவிட்டுத் தோலையும் உள்ளே போடுங்கள். இன்னும் எளிது, பாஸ்க் நாட்டு இளைஞர்களின் கலிமோச்சோ. ஒயினும் கோலாவும் சம அளவு. கேட்க ஒருமாதிரி இருந்தாலும் கோலாவின் இனிப்பு டானினை நன்றாக அடக்கும். விஸ்கி விரும்பும் மாமாக்களுக்கு நியூயார்க் சவர் செய்து கொடுங்கள். 60 மில்லி விஸ்கி, 30 மில்லி எலுமிச்சைச் சாறு, 20 மில்லி சர்க்கரைப்பாகு மூன்றையும் ஐஸோடு குலுக்கி வடிகட்டுங்கள். பிறகு கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து அதன் முதுகின் மேல் 15 மில்லி ஒயினை மெதுவாக வழியவிடுங்கள். பாகு கலந்த கீழ்ப்பகுதி கனம், ஒயின் அதைவிட லேசு என்பதால் மேலே தனிச் சிவப்புப் பட்டையாக நிற்கும். ரோஜாப்பாகும் பாலும் கலந்த பண்டோங்கில் ஒயின் ஊற்ற ஆசைப்படாதீர்கள், பால் திரியும்.

கூட்டத்துக்கு சங்ரியாதான் வசதி. புதிய போத்தல் ஒன்றுக்கு ஆரஞ்சு, பச்சை ஆப்பிள், கொய்யா தலா ஒன்று, இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை. நாலு மணி நேரம் குளிர்பெட்டியில் ஊறவைத்து, பரிமாறும்போது சோடா சேர்க்கவும். இனிப்பு இருப்பதால் வேகமாக இறங்கும், அளவு தெரியாது. குவளைக்கு 120 மில்லி ஒயின் போனாலே ஆல்கஹால் 12 கிராமைத் தாண்டிவிடும். கார் ஓட்டி வந்தவர்களுக்கு ஊற்றவே வேண்டாம். இரவு 10.30க்குப் பிறகு கடைகளில் மது விற்க மாட்டார்கள், சோடாவையும் ஒயினையும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

குடிக்காதவர்களுக்கும் அதே அழகில் ஒரு ஜாடி வையுங்கள். ஆறிய கடுந்தேநீர் ஒரு பங்கு, சர்க்கரை சேர்க்காத மாதுளைச் சாறு இரண்டு பங்கு, கலமன்சி, பட்டை. தேநீரின் துவர்ப்பு ஒயினின் பிடிப்பைக் கொடுக்கும். இரண்டு ஜாடியும் ஒரே நிறத்தில் இருக்கும் என்பதால் பெயர் எழுதி ஒட்டி, சங்ரியாவைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஊறிய பழத்துண்டுகளில் ஆல்கஹால் ஏறியிருக்கும். விருந்து முடிந்ததும் குவளைகளின் அடியில் கிடக்கும் ஆரஞ்சையும் ஆப்பிளையும் முதலில் எடுத்துக் குப்பையில் போட்டுவிடுங்கள்.